எனக்காக வைத்த ஓர் அப்பம்

காந்திபுரத்தில் கணபதி போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, நம் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. யாரோ ஒருவருடைய பிறந்தநாள் வாழ்த்துக்கும் கேக் படத்துக்கும் கீழே, கோயில்பிள்ளை சவரிமுத்து காலமானார் என்று ஒரே வரி. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கைப்பேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். இப்படிப்பட்ட செய்தியை நான் சொல்லக்கூடிய ஒரே ஆள் சவரிமுத்துதான். மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நான்காவதில் ஏறினேன்.

உங்களுக்கு அவரைத் தெரியும். மணி அடிப்பார், மெழுகுவத்தி ஏற்றுவார், மைக் கரகரத்தால் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டுவார். என்னையும் தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் நன்மை வாங்க, அப்பத்தில் ஆண்டவரை வாங்க, எழுந்து போகும்போது காலை மடக்கி வழிவிடுகிற லேத் பட்டறைத் துரைராஜ். இந்த ஆள் ஏன் போவதில்லை என்று ஏழு வருடத்தில் உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அதை நாகரிகம் என்று நினைத்தீர்கள் போல. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சவரிமுத்து மட்டும் கேட்டார்.

சொன்னேன். என் மனைவி மேரி படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதத்தில், ஒரே நாளில் மூன்றாவது முறை விரிப்பை மாற்றும்போது, "போயும் தொலைய மாட்டீங்கறயே" என்று அவளிடம் கத்திவிட்டேன். அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாளில் போய்விட்டாள். அப்படிக் கத்திய வாயில் கடவுளை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் துணியவில்லை. இதைக் கேட்டுவிட்டு சவரிமுத்து என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீ வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு காலைப் பூசை முடிந்ததும் இருவரும் டீக்கடைக்குப் போவது வழக்கமாயிற்று.

காணிக்கை நேரத்தில் சாமியார் திராட்சை இரசத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டு, மெல்லிய குரலில் ஏதோ சொல்வாரே, அப்போது சவரிமுத்துவின் உதடும் அசையும். அது என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆண்டவரு நம்ம மனுசத்தன்மையில பங்கெடுத்தாருங்களா, அதாட்ட நாமளும் அவரோட தெய்வத்தன்மையில பங்கெடுக்கோணும்னு வேண்டறதுங்க. அந்தத் தண்ணி நாமதானுங்க."

"மனுசன் தெய்வத்துல பங்கு கேக்கறதுங்களா? அகம்பாவமாட்ட இருக்குதுங்களே."

"நாமளாக் கெளம்புனா அகம்பாவமுங்க. அவரு சேத்துக்கிட்டா அருளுங்க."

"மத்தவங்களைச் சேத்துக்கட்டுமுங்க. நான் அதுக்கு ஆகமாட்டேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வடையைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

போன வருடம் கோடையில் கணபதிக்குப் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. கோயில் தொட்டியும் காய்ந்து கிடந்தது. குடத்தில் மிச்சம் இருந்ததை மாதா சுரூபத்துப் பூச்சாடியில் ஊற்றிய சவரிமுத்து, பீடத்துக் குப்பியை நிரப்ப மறந்துபோனார். பூசையில் சாமியார் தண்ணீருக்குக் கை நீட்டினால் குப்பி காலி. சவரிமுத்து அரை ஓட்டமாகக் கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

"ஏனுங்க, பாட்டிலைக் குடுங்க."

"நான் வாய் வெச்சுக் குடிச்சதுங்க, எச்சில்" என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"குடுங்கன்னா!" அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

டீக்கடையில் அவரிடம் சண்டைக்கே போனேன். "என்ர எச்சிலைக் கொண்டுபோய் அதுல ஊத்திப்போட்டீங்களே!"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஊத்தியாச்சுங்க. இனிப் பிரிச்சு எடுத்துக் குடுங்க பாக்கலாம்" என்றார். "தண்ணி எங்கயும் காணாமப் போறதில்லீங்க. உள்ளதான் இருக்குது" என்றார் மறுபடியும்.

மறுநாளே நான் எழுந்து முன்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. வீம்பு. அவரும் ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. ஒரு வருடம் இப்படியே ஓடிவிட்டது, அதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து நீங்கள் எல்லோரும் கலைந்த பிறகு, பங்குச்சாமி என்னைப் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறைக்குக் கூப்பிட்டார்.

"காலைப் பூசைக்கு நன்மை வாங்கறவங்களை எண்ணித்தான் சவரிமுத்து தட்டுல அப்பம் வெப்பாருங்க. ஆனா தினமும் ஒண்ணு கூடுதலா இருக்கும். ஏன்னு கேட்டா, 'துரைக்குங்க சாமி, இன்னைக்கு எந்திரிச்சு வந்துட்டார்னா அவருக்கு இல்லைன்னு ஆயிடக்கூடாதுங்க'ம்பாரு. உங்ககிட்டச் சொன்னாருங்களா?"

சொல்லவில்லை. இத்தனை வருடம் தினமும் எதிரே உட்கார்ந்து டீ குடித்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மேரியிடம் கத்தியதை அப்படியே அழுதுகொண்டு சாமியிடம் சொன்னேன். அவர் பாவமன்னிப்புக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை வரிசையில் நின்று நன்மை வாங்கினேன். பெஞ்சுக்குத் திரும்பியதும் பழக்கத்தில், சவரிமுத்து எப்போதும் நிற்கும் பீடத்தின் ஓரத்தைப் பார்த்தேன். இதைப் பார்ப்பதற்காகத்தான் அந்த மனிதர் அத்தனை நாள் அங்கே காத்து நின்றிருக்கிறார். நான் போன நாளில் அந்த இடம் காலியாக இருந்தது. டீக்கடைக்கு அன்று நான் போகவில்லை. இன்றுவரை போக முடியவில்லை.

புதிய கோயில்பிள்ளை கிடைக்கும்வரை காலைப் பூசைக்கு நான்தான் எல்லாம் எடுத்துவைக்கிறேன். குப்பியில் தண்ணீர் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கிறேன். சவரிமுத்துவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அவர் அப்பம் எண்ணி வைத்த விதம்தான். இன்று காலை நன்மை வாங்க என்னையும் சேர்த்து ஒன்பது பேர். பத்து வைத்தேன்.