ஏழரை இருக்காம்மா?

எங்கள் பக்கம் ஒருவரைப் பார்த்து "ஒனக்கு ஏழரையா?" என்று கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஏழரை என்றால் சனி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வம்பை விலைக்கு வாங்குகிறவனை "ஏழரையக் கூட்டுறான்" என்போம். அந்தக் கேள்வியை ஒரு மனிதர் என்னிடம், டீ குடிச்சியாம்மா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

பெரம்பலூரில் ஒரு நெட் சென்டர். நீட் மார்க் வந்து, டாக்டர் படிப்புக்கு விண்ணப்பம் போட நானும் அப்பாவும் போயிருந்தோம். என் மார்க்கை டைப் அடித்த அந்தக் கடைக்காரர், "நல்ல மார்க்குதான். ஏழரை இருக்காம்மா?" என்றார்.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன சார், வயசுப் புள்ளையப் பாத்து இப்புடிக் கேக்குறீங்க?"

"அட, அது இல்லண்ணே. ஏழரை சதவீதம். ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா தனி ஒதுக்கீடு. சீட்டு கெடச்சா ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாத்தையும் கவர்மெண்டே கட்டிடும்."

எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு நப்பாசை. "ஆறாவதும் ஏழாவதும் கவர்மெண்ட் ஸ்கூல்தான் சார். எட்டுலேருந்துதான் பிரைவேட்" என்றேன். பாதியாவது கணக்கில் வராதா என்று நினைத்தேன்.

"அப்ப இல்ல" என்றார். மவுஸை ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், என் டாக்டர் படிப்பு முடிந்துவிட்டது.

எட்டாவதில் நான் ஏன் மாறினேன் என்பதைச் சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். குன்னத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். கிணற்றோடு கொஞ்சம் நிலம். சின்ன வெங்காயம் போடுவோம். மழை ஏமாற்றினால் மக்காச்சோளம். நான் ஏழாவது படித்த வருஷம் வெங்காயத்துக்கு என்றைக்கும் இல்லாத விலை. அப்பா அந்த வருஷம் அறுவடை செய்ததும் விற்கவில்லை. பட்டறை போட்டு வைத்திருந்தார். பட்டறை என்றால், கல்லை அடுக்கி மேலே படல் போட்டு, காற்றோட்டமாக வெங்காயத்தைக் குவித்து, கூரை வேய்ந்து வைப்பது. விலை ஏறும்வரை காத்திருக்கத் தெம்பு உள்ளவர்கள் செய்கிற வேலை. தெம்பு இல்லாதவர்கள் வயலிலேயே வந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வருஷம் காத்திருந்தது பலித்தது. கையில் காசு வந்ததும் அப்பாவுக்கு வந்த முதல் யோசனை, பெரியவள் நன்றாகப் படிக்கிறாள், அவளை டவுன் ஸ்கூலில் போட்டு டாக்டராக்கிவிட வேண்டும் என்பது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கூடவே நின்று தூபம் போட்டார். "கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு எவன் மாமா டாக்டராயிருக்கான்?" என்றார். அன்றைக்கு அது நியாயமான பேச்சு. ஏழரை சதவீதம் என்ற ஒன்று அப்போது பிறக்கவே இல்லை. வேன் வந்தது. டை, ஷூ வந்தது. தங்கைக்கு அதெல்லாம் இல்லை. அவள் படிப்பில் சுமார், இரண்டு பேருக்கும் கட்ட முடியாது, சின்னவள் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவள் வேன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்து அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

நான் பத்தாவது போவதற்குள் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. அது இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளைகூட அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டிருக்காது. ஆனால் பின்னால் வரப்போகிற சட்டத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எந்த விவசாயி பிள்ளையைப் படிக்க வைப்பான்? பட்டறை வெங்காயத்தை விற்று, வருஷா வருஷம் கடன் வாங்கிக் கட்டி, கடைசியில் என் அப்பா காசு கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது என்ற ஒரு வரி. இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதைக் காசைக் கொட்டித் தொலைத்த குடும்பம் எங்கள் குடும்பம். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? யாரைப் பிடித்துத் திட்டுவது? திட்ட ஒரு ஆள் கிடைத்திருந்தால் என் கோபம் எப்போதோ ஆறியிருக்கும்.

பொது வரிசையில் அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டு இருக்கிறது என்று அரியலூரில் ஒரு ஏஜென்ட் சொன்னார். அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு அப்பா என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து வந்தது. அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் மாமா வந்தார். வீட்டுக்குள் என்னை உட்கார வைத்துக்கொண்டே என்னை எடை போட்டார்கள்.

"டாக்டருன்னா நெலத்த விக்கணும் மாமா. வித்தாலும் மொத வருசத்துக்குத்தான் காணும். அப்பறம் மிச்ச வருசத்துக்கு என்னத்த விப்பீங்க?" என்றார் மாமா. "முடிச்சாலும் வெறும் எம்பிபிஎஸ்க்கு இப்ப மதிப்பில்ல. மேல படிக்கணுங்கும். அதுக்குள்ள புள்ளைக்கு வயசாயிடும். கல்யாணம் வேற இருக்கு."

"நர்ஸுக்கு?" என்றார் அப்பா.

"மூணு வருசம். வெளிய வந்த மறுநாளே சம்பளம். வெளிநாட்டுக்குப் போனா டாக்டரவிட ஜாஸ்தி வாங்குதுங்க."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். பிறகு, "பட்டறை போடுறதுக்கும் ஒரு தெம்பு வேணும்ல. நமக்கு வயல்லயே குடுத்துடுறதுதான் சரி" என்றார்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. என்னைத்தான் சொல்கிறார். காத்திருக்க வழியில்லாத வெங்காயம் நான். ஈரம் காய்வதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய சரக்கு.

கணக்கில் தப்பு இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன். தப்பு இல்லை. நிலத்தை விற்றிருந்தால் நடுவில் கட்ட முடியாமல் நின்றிருப்போம், டாக்டரும் இல்லை, நிலமும் இல்லை என்று ஆகியிருக்கும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச இடம் வைக்காத கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கில் எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி இருந்தது, நிலத்துக்கு, கல்யாணத்துக்கு, தங்கைக்கு, வட்டிக்கு. நான் என்ன ஆக ஆசைப்பட்டேன் என்பதற்கு மட்டும் இடமில்லை. "ஒனக்கு என்னம்மா தோணுது?" என்று ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம். பதில் அதேதான் வந்திருக்கும். கேட்டிருக்கலாம்.

டிப்ளமோ நர்சிங் முடித்தேன். இப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. மாமா சொன்னதுபோல உடனே சம்பளம் வந்தது உண்மை. எவ்வளவு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் மாதம் முழுக்க வேலைக்குப் போனால் என்னைவிட அதிகம் வாங்குவார். வேலையை விட்டு ஓடிவிடக் கூடாது என்று என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் கையில் இருக்கும்வரை எந்த வெளிநாட்டுக்குப் போவது? ஆடு மாட்டைக் கட்டிப்போடுகிற மாதிரிதான்.

வேலையை நான் குறை சொல்லவில்லை. ஊசி போட்டதே தெரியலம்மா என்று ஒரு கிழவர் சொன்னால் அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருக்கும். நர்ஸ் வேலை கீழான வேலை என்று எவராவது சொன்னால் கடித்துக் குதறிவிடுவேன். எனக்குப் பிடிக்காதது, என்னை அந்த வேலைக்கு அனுப்பியவர்கள் அதை மலிவான வழி என்று நினைத்து அனுப்பியது. மலிவு என்று வாங்கிய பொருளை வாங்கியவன் எப்படி வைத்துக்கொள்வான் என்று நமக்குத் தெரியாதா?

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் தங்கை நீட் எழுதினாள். என்னைவிடக் குறைவான மார்க். அவளுக்கு ஏழரை இருந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே சீட்டு கிடைத்தது.

சேதி வந்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். அம்மா போனில் சந்தோஷம் தாங்காமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதில் சந்தோஷம் எவ்வளவு, வயிற்றெரிச்சல் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும் இருந்தது. தங்கை போனை வாங்கி, "அக்கா, ஒன் மார்க்குதான்க்கா அதிகம். எனக்கு வந்தது ஒன்னோட சீட்டு" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதற்காகவே அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. தூக்கிக் கொடுக்க முடியாத பொருளை உன்னுடையது என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

ஊரில் பேனர் வைத்தார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "சின்னதுக்கு நான் ஒத்தப் பைசா செலவு பண்ணல. எல்லாச் செலவும் பெரியவளுக்குத்தான்." பெருமையாகத்தான் சொன்னார். கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை செலவையும் தின்றுவிட்டு நர்ஸாகி நிற்கிறவளைப் பார்க்கிற பார்வை அது.

தங்கை சனிக்கிழமை வந்தால் அம்மா அவளுடைய வெள்ளைக் கோட்டைத் தனி பக்கெட்டில், தனி சோப்புத்தூள் போட்டு ஊறவைப்பாள். என் யூனிஃபார்ம் அப்பாவின் வேட்டியோடும் வயல் வேலைக்குக் கட்டுகிற புடவையோடும் சேர்ந்து கிடக்கும். நான் போடுவதும் ஆஸ்பத்திரித் துணிதான் என்பது அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால், "அது வெள்ளைடி" என்பாள். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலை டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் பிளாஸ்டிக் சேரில் ரஞ்சன்குடி சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குப் பங்காளி முறை. அவர் மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது முடிக்கப் போகிறாள், நன்றாகப் படிக்கிறாள், டவுன் ஸ்கூலுக்கு மாற்றலாமா என்று யோசனை கேட்க வந்திருந்தார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு என்பதால் இப்போதெல்லாம் எங்கள் அப்பாவிடம் யோசனை கேட்க நிறைய பேர் வருகிறார்கள்.

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னது காதில் விழுந்தது.

"மாத்திடாதடா. சொன்னா கேளு. எங்க பெரியவ மாதிரி ஆயிடப் போவுது."

நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அப்படியேதான் சொல்லியிருப்பார். அதில் தப்பாக ஏதும் இருப்பதாக அவருக்குப் படாது.

"நான் என்னப்பா ஆயிட்டேன்?" என்றேன்.

அப்பா திரும்பினார். "அது இல்லம்மா, சும்மா பேச்சுக்கு..."

"பேச்சுக்கே கேக்குறேன். என்ன ஆயிட்டேன்னு சொல்லுங்க. சித்தப்பாவும் தெரிஞ்சுக்கட்டும்."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "வந்ததும் வராததுமா ஏழரையக் கூட்டாதடி. உள்ள வா."

அந்த வார்த்தையை அவள் தெரிந்து சொல்லவில்லை. ஏதாவது கலாட்டா என்றால் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் எனக்கு அந்த நெட் சென்டரும், "அப்ப இல்ல" என்ற அந்தக் குரலும் வந்து முன்னால் நின்றன.

சித்தப்பா சேரில் நெளிந்தார். எப்படியாவது பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்திருப்பார். "நர்ஸு வேலைக்கு என்னம்மா, நல்ல வேல. சரி, நீதான் ரெண்டு ஸ்கூலும் பாத்தவ. நீயே சொல்லு. புள்ளைய மாத்தட்டுமா, வேணாமா?"

மாற்றுங்கள் என்று சொல்லிவிட ஒரு நொடி நாக்கு துடித்தது, அப்பாவைத் தோற்கடிக்க. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். டாக்டராவேன் என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"மாத்தாதீங்க சித்தப்பா" என்றேன். "பன்னெண்டாவது வரைக்கும் அங்கயே இருக்கட்டும். அப்பா சொல்றது சரிதான். மாத்துனா என்னை மாதிரிதான் ஆயிடும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் உள்ளே போனேன். கொல்லையில் தனி பக்கெட்டில் வெள்ளைக் கோட்டு ஊறிக்கொண்டிருந்தது. உடை மாற்றிக்கொண்டு வந்து, என் நீல யூனிஃபார்மை அதே பக்கெட்டுக்குள் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். சாயம் போகாத துணிதான். போகிற துணியாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.