அடிக்காத உறுமி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராசா என்ற ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது இது. இப்போது சொல்லும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வந்தால் லேப்டாப்பில் தியான இசை செய்வதுதான் என் பைத்தியம். பாட்டு இருக்காது, தாளம் இருக்காது. தம்புராவைப் போல ஒரே நாதம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும். பௌத்தம், உபநிடதம் என்று படித்ததையெல்லாம் அதில் கொட்டி, ‘சூனியம்’ என்று பெயரும் வைத்திருந்தேன். ஆபீஸில் அதற்கு வைத்த பெயர் தூக்க மாத்திரை. அதனால் அந்தக் கோயிலின் மகளிர் குழு, தங்கள் தியான வகுப்பில் நேரில் வாசிக்கக் கூப்பிட்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் மேடை அல்லவா!

போய் இறங்கினால், வாசலில் ஓர் உறுமி மேளக் குழு! மதியம் கோயிலில் ஏதோ விசேஷமாம். லோரியிலிருந்து மேளங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உறுமி என்றாலே ஆகாது; காதைக் கிழிக்கும் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். நேராகப் போய், பதினொரு மணிவரை ஓர் அடிகூட விழக்கூடாது என்று கறாராகச் சொன்னேன். தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசியிருந்த உறுமிக்காரர் சரி என்று தலையாட்டினார்.

உள்ளே நாற்பது பேர் கண்மூடி உட்கார்ந்தார்கள். இசை பரவியது. பத்தாவது நிமிடம் லேப்டாப் செத்துவிட்டது. வயரைச் சொருகியிருந்தேன், சுவரில் சுவிட்சைத்தான் போடவில்லை! பதறிப்போய்ப் போட்டேன். அது உயிர் பெற்றுவர ஐந்து நிமிடமாவது ஆகும். முன்வரிசையில் ஓர் அம்மா அசைய ஆரம்பித்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கண்ணைத் திறப்பார்கள், என் முதல் மேடை அத்தோடு முடிந்தது.

அப்போது என் பக்கத்தில் யாரோ குனிந்தார். இசை நின்றதைக் கவனித்து உறுமியோடு உள்ளே வந்த அதே உறுமிக்காரர்.

“அக்கா, நா வேணா தேய்க்கவா? அடிக்க மாட்டேன்லா, தேய்க்க மட்டுந்தான்.”

வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். அவர் தரையில் உட்கார்ந்து, உறுமியை மடியில் சாய்த்து, வளைந்த குச்சியால் தோலை மெல்லத் தேய்த்தார். ஊம்ம்ம் என்று அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு நாதம் எழுந்தது. தரை வழியாக அது என் முழங்கால்வரை வந்தது. அசைந்த அம்மா அடங்கிவிட்டார். ஒருவர்கூடக் கண் திறக்கவில்லை. நான் மாதக்கணக்கில் லேப்டாப்பில் தேடிய நாதம் அதுதான்! லேப்டாப் திரும்ப வந்து பாஸ்வேர்டு கேட்டது. நான் அதை மூடிவைத்துவிட்டேன்; வகுப்பு முடியும்வரை உறுமிதான்.

முடிந்ததும் அந்த முன்வரிசை அம்மா என்னிடம் ஓடிவந்தார். கடைசியில் வந்த சத்தத்தை எந்த ஆப்பில் செய்தேன் என்று கேட்டார். சந்தோஷம் தாங்காமல் உறுமிக்காரரைக் காட்டினேன். அவரோ சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார்.

“பதினொன்னு ஆச்சுக்கா. இப்ப அடிக்கலாமா?”

மண்டபமே சிரித்தது. வெட்கத்தில் என் முகம் சிவந்துவிட்டது. அன்று வெளியே மேளம் முழங்கியபோது நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. முதல் ஆளாகப் போய் முன்னால் நின்றேன்.

மனம் காலியாக வேண்டும் என்று எத்தனையோ பக்கம் படித்தவள் நான். ஆனால் என் தலைக்கனத்தை இறக்கிவைத்தது அந்த உறுமி நாதம்தான். இன்றும் எதையாவது வெறும் சத்தம் என்று ஒதுக்க வாய் திறந்தால் அந்த ஊம்ம்ம் வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.