கேரவனுக்குப் பின்னால் நின்றவள்

பிக்கரிங் ஊருக்குப் போகிற சாலையோரப் புல்வெளியில், வருஷா வருஷம் நடக்கும் கூட்டத்துக்காகப் பழைய கார்களும், அவற்றின் பின்னால் கட்டி இழுத்து வரும் சின்ன வீடு போன்ற பழைய கேரவன்களும் மத்தியானத்துக்குள் வந்து குவிந்துவிட்டன. முன்னால் வந்தவர்கள் தோரணம் கட்டி, மடக்கு நாற்காலி போட்டு, டீயும் கேக்குமாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரே பொழுதுபோக்குதான். அடுத்து வருகிறவர் கேரவனை எப்படி ரிவர்ஸில் கொண்டுபோய் வேலியோரம் சேர்க்கிறார் என்று வேடிக்கை பார்ப்பது.

எனிட் தாக்ரே பழைய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் காரில் தன் கிரீம் நிறக் கேரவனை இழுத்துக்கொண்டு நுழைந்ததும் பேச்சு நின்றது. அவள் கணவர் கிளிஃபோர்ட் போன நவம்பரில் செத்துப்போனார். அவர் இருந்தவரை அவள் அந்த ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. இரண்டையும் விற்றுவிடச் சொல்லி மகன் கீத் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"நானே ஓட்டிட்டுப் போய் நானே நிறுத்துறேன். முடியலைன்னா வித்துக்கோ, போ" என்று அவனிடம் வாயை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

இழுத்து வருவது பழகிவிட்டது. ரிவர்ஸ்தான் பாடாய்ப் படுத்தும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் கேரவன் இடப்பக்கம் போய்த் தொலைக்கும். ஆனாலும் அது தனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்திருந்தாள். இத்தனை வருஷமாக கேரவனுக்கு நேர் பின்னால் நின்று கையை ஆட்டி வழிகாட்டியது அவள்தானே. வாயைத் திறக்க மாட்டாள். கத்துவதெல்லாம் தொழில் தெரியாதவர்கள் வேலை என்பது அவள் கட்சி.

"அவர் சும்மா ஸ்டியரிங்கைத் திருப்புவாரு, நிறுத்துறது நான்தான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். கிளிஃபோர்ட் சிரித்துக்கொண்டே டீயை உறிஞ்சுவார்.

இப்போது முதல் முயற்சியிலேயே கேரவன் கோணிக்கொண்டது. இரண்டாவது முயற்சி அதைவிட மோசம். கூட்டத்தை நடத்தும் நாரிஸ் ஓடிவந்தார்.

"ஏம்மா எனிட், எறங்கு. நான் போட்டுத் தர்றேன்."

"ஸ்டியரிங்ல கை வச்சே, தெரியும் சேதி! நான் நிப்பேனே, அந்த எடத்துல போய் நில்லுய்யா. கையை மட்டும் காட்டு, போதும்."

நாரிஸ் பின்னால் போனார். எனிட் கண்ணாடியைப் பார்த்தாள். கேரவன்தான் தெரிந்தது. இடப்பக்கக் கண்ணாடியிலும் அவரைக் காணோம், வலப்பக்கத்திலும் காணோம். கேரவன் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்றால், அங்கே அவளே தைத்த பூப்போட்ட திரை தொங்கியது.

"எங்கய்யா போய்த் தொலைஞ்சே?"

"இங்கதாம்மா நிக்கிறேன்! ஆட்டி ஆட்டிக் கையே வலிக்குது!"

எனிட்டுக்குச் சுருக்கென்றது. பின்னால் நின்ற அவளைக் கிளிஃபோர்ட் பார்த்ததே இல்லை. ஒரு கையசைப்பைக்கூட. தலையை வெளியே நீட்டி, வேலியைப் பார்த்து, தானாகவேதான் நிறுத்தியிருக்கிறார். நிறுத்திவிட்டு இறங்கி வந்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "நீ மட்டும் இல்லைன்னா வேலிக்குள்ளதான் விட்டிருப்பேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள். வேலியைப் பார்த்தபடியே அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளினாள். கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நாரிஸ் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "எப்படி நம்ம வேலை?"

"நீ மட்டும் இல்லைன்னா வேலிக்குள்ளதான் விட்டிருப்பேன்" என்றாள்.

அவர் முகமெல்லாம் மலர்ந்து போனார். எனிட் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்த மனுஷன் கிளிஃபோர்டை ஒரே ஒரு தடவை எதிரே நிற்கவைத்து, வாய் நிறையத் திட்ட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.