சுவரிலிருந்து ஒரு சாண்

வெளிச்சம் போடுவது என் தொழில். ஒரு கட்டடத்துக்கு எத்தனை விளக்கு, எந்த இடத்தில், எந்தச் சாய்வில் என்று வரைந்து கொடுப்பேன். கோயம்புத்தூரைச் சுற்றிப் புதுப்பணம் வீடாக முளைக்கும் இடமெல்லாம் எனக்கு வேலை உண்டு. நான் கெட்டிக்காரி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட வேண்டிய கதை வேறு.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் விசைத்தறி முதலாளி ஒருவர் வீடு கட்டினார். நடுக்கூடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே சுவர். படம் கிடையாது, ஜன்னல் கிடையாது, வெறும் வெள்ளை. அதுதான் வீட்டுக்கே முகம் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அதைப் பூசியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி. மட்டக்கட்டையை வைத்து வைத்துப் பார்ப்பார். மனசுக்கு ஒப்பாத இடத்தைத் தானே சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார். முதலாளி அடுத்துக் கட்டப்போகும் கல்யாண மண்டபத்தின் பூச்சு முழுக்க அவருக்குத்தான் என்று பேச்சு. அது கிடைத்தால் இந்த இடுப்பு வலியோடு ஊர் ஊராக அலைய வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

முதலாளியின் மனைவி அன்பானவர். கண்ணு, அம்மணி என்றுதான் கூப்பிடுவார். ஒரு மாதம் அவர் கையால் சாப்பிட்டேன். ஒருநாள் எந்த ஊர் என்று கேட்டார். கொடுமுடிப் பக்கம் என்றேன். அங்கே யார் வீடு, எந்தத் தெரு, கோயிலுக்கு வடக்கா தெற்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் பக்கத்தில் சாதியை யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். ஊரில் ஆரம்பிப்பார்கள், கேள்வி தானாகப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிடும். அப்பாவும் அம்மாவும் பிறர் தோட்டங்காடுகளில் கூலிக்குப் போனவர்கள் என்றேன். மறைக்க எனக்குத் தோன்றவில்லை. "அப்படிங்களா" என்றார். முகம் மாறவே இல்லை.

மறுநாள் காலையில் பூஜை அறை விளக்குகளைத் திருப்ப வேண்டியிருந்தது. சாமி படத்தின் மேல் ஒளி விழ வேண்டும், கும்பிடுகிறவர் கண்ணைக் கூசவும் கூடாது. அதற்குப் படத்துக்கு எதிரே நின்று பார்த்தால்தான் ஆகும். நான் போனபோது அந்த அம்மா வாசற்படியில் நின்றிருந்தார்.

"நீங்க இங்கயே நின்னு சொல்லிப்போடுங்க கண்ணு. எலக்ட்ரீசியன் திருப்பிக்குவாருங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

படிக்கு வெளியே நின்றபடி, வலப்பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே, போதும் என்று கைகாட்டினேன். அவர் பேச்சில் ஒரு 'ங்க' குறையவில்லை. வைதிருந்தால் திருப்பி வைதிருப்பேன். மரியாதையாகச் சொன்னதற்கு என்ன சொல்வது?

அன்று மதியம் கூடத்தின் ஃபால்ஸ் சீலிங்கில் விளக்குகளுக்குத் துளை போட வேண்டும். சுவரிலிருந்து இரண்டரை அடி என்று வரைந்திருந்தேன். அந்தத் தூரத்தில் ஒளி சுவர் முழுக்கப் பரவும், சின்ன மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. சுவரை ஒட்டி வைத்தாலோ ஒளி உரசிக்கொண்டு இறங்கும். தாள் கனத்துக்குத் தூக்கல் இருந்தாலும் நிழல் கட்டும். எப்பேர்ப்பட்ட கை பூசிய சுவரும் அதற்குத் தப்பாது. எலக்ட்ரீசியனிடம் ஒரு சாண் தூரம் போதும் என்றேன். வரைபடத்தில் வேறு இருக்கிறதே என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். அந்த வீட்டின் முகத்தைக் கெடுக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. மேஸ்திரி அப்போது என் நினைவிலேயே இல்லை என்று எழுத ஆசைதான். இருந்தார். இருந்தும் செய்தேன்.

வெளிச்சம் பார்க்க முதலாளி தன் சம்பந்தி வீட்டாரை அழைத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் விளக்குகளைப் போட்டேன். பூச்சுக் கரணை போன தடமெல்லாம் நிழலோடு எழுந்து நின்றது. சுவர் அம்மைத் தழும்பு முகம் மாதிரி ஆகிவிட்டது. பூச்சு இன்னும் முடியவில்லையா என்று சம்பந்தியம்மா கேட்டார். முதலாளியின் காது சிவந்ததைப் பார்த்து என் மனசு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. முதலாளி மேஸ்திரியை வரச் சொன்னார். வெளியே கைகால் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு வந்து சுவரைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து விளக்குகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சுவரில் தப்பில்லை, விளக்குதான் ரொம்ப ஒட்டி இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க அம்மணி. கோளாறு செவுத்துலயா, லைட்டுலயா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கில் என்று சொன்னால் ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்பார்கள். வாசற்படியில் நிறுத்தப்பட்டதை அத்தனை பேர் முன்னால் என் வாயால் சொல்ல வேண்டும். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செவுத்துலதானுங்க" என்றேன்.

மேஸ்திரி அன்றைக்கே தன் சாமான்களை மூட்டை கட்டினார். மண்டப வேலையும் கைவிட்டுப் போயிற்று. வேறொருவன் வந்து சுவரைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினான். அவசரக்காரன், அரைகுறை வேலை. அந்தப் பூச்சு மேல் அதே வெளிச்சம் பட்டால் முன்னதைவிட அசிங்கமாகத் தெரியும், என் குட்டு உடைந்துவிடும். பழைய துளைகளை அடைக்கச் சொல்லி, விளக்குகளை இரண்டரை அடிக்குத் தள்ளினேன். புதுப் பூச்சுக்கு இதுதான் பொருத்தம் என்றேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை. புதுமனை புகுவிழாவில் சுவர் பால் மாதிரி இருந்தது. வேலைச்சுத்தம் என்றால் இது என்று முதலாளி அந்த அவசரக்காரனுக்குச் சால்வை போட்டார். நானும் கைதட்டினேன்.

சில நாள் கழித்து மேஸ்திரி போன் செய்தார். எலக்ட்ரீசியன் சொல்லியிருக்க வேண்டும்.

"லைட்டைத் தள்ளி வெச்சுப்போட்டீங்களாமுங்க."

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் பூசுனது நல்லாத்தான இருந்துச்சுங்க?"

நன்றாகத்தான் இருந்தது என்றேன். அவர் கோபப்படவில்லை. அதை முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா, மண்டபத்தில் பூச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லையாம் என்றார். சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அந்த முதலாளியைப் பலமுறை பார்த்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.