பாதி வாரிய தலை

கை உடைந்தால் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள். யார் கண்டுபிடித்த வழக்கமோ தெரியவில்லை. வலது தோளில் தகடு வைத்துத் தைத்து அனுப்பப்பட்டவள் ஒற்றைக் கையால் ஆப்பிளை எப்படி நறுக்குவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்தார்கள், "எப்படி விழுந்தே?" என்று கேட்டார்கள், தங்களுக்குத் தெரிந்த வேறு யாரோ விழுந்து செத்துப்போன கதையைச் சொன்னார்கள், போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் அதற்கும் ஆள் வரவில்லை. ஆப்பிள்கள் தோல் சுருங்கிக் கிடந்தன.

விழுந்ததில் கதை ஒன்றும் இல்லை. நாய் குறுக்கே வந்தது, மொபெட்டோடு சாய்ந்தேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி என் வீடு. முன்பக்கம் இட்லிக் கடை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளுக்குப் பெங்களூரில் வேலை. லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டாள். லீவு தீர்ந்தது. கிளம்புகிற காலையில் என் தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டுப் போனாள். அந்தப் பின்னல் பல நாள் அப்படியே கிடந்தது. ஒருநாள் இடது கையால் பிரித்து வாரிப் பார்த்தேன். பாதியில் சீப்பு மாட்டிக்கொண்டது. சீப்பைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். அதோடு சரி.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: "சுவத்துல விரலாலயே மேல ஏறணும்மா. வலிச்சாலும் தெனமும் பண்ணணும். விட்டீங்கன்னா தோள் இறுகிப்போயிடும். அப்புறம் கை தூக்க வராது." கை தூக்க வராவிட்டால் இட்லிக் குண்டானை இறக்க முடியாது. கடையை மூட வேண்டியதுதான். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். வலிக்குப் பயந்து இல்லை. காலையில் கண் விழித்தால் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. எழுந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே மத்தியானம் வரை கிடந்தேன்.

மகள் போனில் பேசுவாள். "அம்மா, மனச பாசிட்டிவா வெச்சுக்கோம்மா. ஒரு வீடியோ அனுப்பினேனே, பாத்தியா?"

"பாத்தேன்."

பாதிக்கு மேல் பார்க்கவில்லை. அருவிச் சத்தத்துக்கு நடுவே ஒருத்தர் மூச்சை இழு, விடு என்கிறார். நான் விடாமலா இருக்கிறேன்.

எதிரே டீக்கடை வைத்திருப்பவள் மட்டும் சாப்பாடு கொண்டுவந்துகொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். இடது கையால் அள்ளித் தின்பதை ஒருத்தர் பார்ப்பது எனக்கு ஆகாது. அதனால் அவள் முன்னால் தட்டைத் தொடமாட்டேன். "ஊட்டி வுடட்டுமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "நான் இன்னா கொழந்தையா? போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்றேன். அதற்குப் பிறகு தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு, "அக்கா, சோறு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். நான் கேட்டது அதைத்தான். கிடைத்த பிறகு அது பிடிக்கவில்லை. தலையை வாரிவிடு என்று அவளிடம் கேட்பதற்குத் தெருவில் பிச்சை கேட்கலாம் என்றிருந்தது.

பௌர்ணமி வந்தது. மற்ற பௌர்ணமிகளில் கிரிவலக் கூட்டத்தால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அன்று ஷட்டரை இறக்கிவிட்டு, அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கட்டுப் போட்ட கையோடு ரவிக்கை போட முடியாது. நைட்டிதான், அதன்மேல் காவித் துண்டு. முன்னால் ஊரே நடந்துபோகிறது. அத்தனை பேரில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

திடீரென்று ஒரு பெண் வந்து என் காலில் விழுந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் இரண்டு வாழைப்பழத்தை என் பாதத்துப் பக்கத்தில் வைத்தான்.

"ஏய், எழுந்திரு! நான் இன்னா பிச்சைக்காரியா?" என்று கத்தினேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா திட்டிட்டாங்க! இனிமே நமக்கு நல்ல காலந்தான்" என்றான் அவளிடம்.

அப்போதுதான் புரிந்தது. சிக்குப் பிடித்த தலை, காவித் துண்டு, யாரோடும் பேசாமல் ஒரு மூஞ்சி. இந்த ஊரில் அப்படி ஒருத்தி பாதையோரம் உட்கார்ந்தால் அவள் சாமியார்தான். திட்டினாலோ பெரிய சாமியார். திட்டத் திட்டக் கூட்டம் கூடியது. "போங்கய்யா, போய்ப் பொழப்பப் பாருங்க" என்றேன். "தொழில்ல கவனம் வைக்கச் சொல்றாங்க" என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

எதிர்க்கடைக்காரி கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதையைத் தாண்டி வந்து, "இன்னாக்கா, உண்டியல் ஒண்ணு வெச்சுடலாமா? பாதி எனக்கு" என்றாள்.

அவளையும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, அழுகை வந்தது. இத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக, துடைக்கக்கூடச் சரியான கை இல்லாமல் அழுதேன்.

"முடியலடி," என்றேன். "தனியா கெடக்க முடியல. தலைய வாரிவுடு."

அவள் சிரிப்பு நின்றது. ஓடிப்போய்ச் சீப்பும் எண்ணெயும் கத்திரிக்கோலும் எடுத்துவந்தாள். டீயைப் பார்த்துக்கொள்ளும்படி தன் புருஷனுக்கு இங்கிருந்தே கத்தினாள். என் பின்னால் நின்று நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள். ஒரு முடிச்சை வெட்டக் கத்திரியை வைத்ததும், "ஐயையோ, சாமி சடையில கத்திரி வைக்காதம்மா, பாவம்!" என்று ஒரு கிழவி அலறினாள்.

"இது சாமி இல்ல பாட்டி. இட்லிக் கடை. கை ஒடைஞ்சு கெடக்கு" என்றாள் இவள். கிழவி என்னை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனாள். கூட்டமும் கலைந்தது.

வாருவது வலித்தது. நிறுத்தச் சொல்லவில்லை. ஒருத்தர் கை தலையில் பட்டு எத்தனை நாளாகிவிட்டது. அதற்குள் அவள் கடையில் கூட்டம் முட்டியது, அவள் புருஷன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "ஒரு பக்கம் ஆச்சுக்கா. மீதி காலைல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

போனதும் யாரிடமோ ஒரு தட்டில் எலுமிச்சை சாதம் கொடுத்தனுப்பினாள். எதிரே அவள் பார்க்கும்படியே இடது கையால் சாப்பிட்டேன். அவள் பார்க்கக்கூட இல்லை, டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சீக்கிரமே விழித்துவிட்டேன். ஒரு பக்கம் படிந்தும் ஒரு பக்கம் பரட்டையுமாகக் கண்ணாடியில் பார்க்கவே கண்றாவியாக இருந்தது. வருவாளா மாட்டாளா என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். சும்மா நிற்பானேன் என்று சுவரில் வலது கை விரலை வைத்தேன். இடுப்பு உயரத்துக்கு மேல் போகவில்லை. உயிர் போகிற வலி. அவளையும் அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இன்னும் ஒரு விரல்கடை ஏற்றினேன்.

"அக்கா, யார திட்டுற?" என்று வாசலில் குரல் கேட்டது.