லயத்து மோதிரம்

போன வாரம் என் மகள் தன் மாப்பிள்ளைக்கு, அதாவது என் பேத்தி புருஷனுக்கு, தலைத்தீபாவளி மோதிரம் வாங்கி வந்தாள். ஜொகூர் பாருவில் பெரிய கடை. ரோஸ் தாளைப் பிரித்துப் போட்டுப் பார்க்கச் சொன்னால், விரலில் ஏறிய மோதிரம் இறங்க மாட்டேன் என்கிறது. "அம்மா, நல்லெண்ணெய் எங்க வச்சீங்க?" என்று மகள் அடுப்படியில் உருட்டுகிறாள். எண்ணெய் வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் சிரித்தது மாரியப்பன் விரலை நினைத்து.

கோத்தா திங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நான் பிறந்தது, பால்மரம் வெட்டியது, கல்யாணம் கட்டியது எல்லாம். அம்மா அப்பா இல்லை. அண்ணனும் அண்ணியும்தான் வளர்த்தார்கள். அண்ணி என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவள். ஆள் ஒல்லி, குரல் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்கும். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு.

ரப்பர் விலை விழுந்த காலம். கூலியைக் குறைத்தார்கள், பலரைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பினார்கள். தீபாவளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டா வரும்? அண்ணி பெண்களைக் குழாயடியில் கூட்டித் திட்டம் போட்டாள். ஒரு வீடு முறுக்கு மட்டும் சுடும், ஒரு வீடு அதிரசம் மட்டும். பிறகு மாற்றிக்கொள்வது. எல்லார் தட்டிலும் எல்லாம் இருக்கும், யாருக்கும் கையைக் கடிக்காது. துணியும் அப்படியே. லயத்துக்கே ஒரே பீஸ், பச்சையில் வெள்ளைப் பூ; பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குப் பாவாடை. தன் மகன் என்று நினைத்து அடுத்த வீட்டுப் பையன் முதுகில் அண்ணி ஒன்று வைத்துவிட்டாள். அவன் தாய் எட்டிப் பார்த்து, "பரவால்ல, அவனுக்கும் வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் அண்ணியின் பெரிய சாமர்த்தியம் மோதிரம். நல்ல விலை இருந்த நாளிலேயே பன்னிரண்டு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரைப்பவுனில் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். லயத்தில் யார் வீட்டு மாப்பிள்ளை தலைத்தீபாவளிக்கு வந்தாலும் அதைத்தான் போடுவது. பொங்கலுக்குப் பெண் பிறந்த வீடு வரும்போது மோதிரம் கமுக்கமாக அண்ணியிடம் திரும்பிவிட வேண்டும். மாமியார் கேட்டால், "மரம் வெட்டுற கையில கழண்டு விழுந்துடும், பத்திரமா வச்சிருக்கோம்" என்று பதில். பொய்தான். அந்தப் பொய்யில் எத்தனை பெண்கள் மாமியார் வீட்டில் தலைநிமிர்ந்து நின்றார்கள்!

என் வருஷத்தில் வந்தது சிக்கல். ஒரே தீபாவளிக்கு இரண்டு மாப்பிள்ளைகள். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் புருஷன் மாரியப்பன் அதே தோட்டத்தில் ரப்பர் கட்டு தூக்குகிறவர். என் வீட்டுக்காரர் தம்போய்ப் பக்கம்; காலை பஸ்ஸில் தன் அத்தையோடு வருகிறார். புது மாப்பிள்ளையோடு துணைக்கு என்று வருகிற அத்தைகள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்க் குளியல் முடிந்து மாரியப்பனுக்குப் போட வேண்டியது, அவர் உறவுக்காரர்கள் பார்த்ததும் கழற்றி, பஸ் வருவதற்குள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது. விஷயம் தெரிந்த மாரியப்பன் ஒத்துக்கொண்டார். அவர் விரல்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

எண்ணெய் போட்டார்கள், சவர்க்காரம் போட்டார்கள், வாளித் தண்ணீரில் கையை ஊறப் போட்டார்கள். விரல் வீங்கியதுதான் மிச்சம். "அலமாக், ஐயோ, விரலோட எடுத்துக்குங்கக்கா, வலி தாங்கல" என்றார் பாவம். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "தாய் தகப்பன் இல்லாத பொண்ணு, அதான் ஒண்ணும் செய்யலன்னு சொல்லிடுவாங்கடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கோ வேறு பயம். கல்யாணத்தில் இந்த அத்தை என் கழுத்தில் ஒரு சங்கிலி போட்டிருந்தார். மூன்றாம் மாதமே, "கொக்கி விட்டுப்போச்சு, பத்தர்கிட்ட குடுக்கணும்" என்று வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. அண்ணி வருத்தப்படுவாளே என்று, நான் முன்னதாக வந்த நான்கு நாளும் கழுத்தை முந்தானையால் மூடியே முறுக்குப் பிழிந்தேன்.

பஸ் வந்துவிட்டது. அத்தை உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தார். அண்ணி மென்று விழுங்கவில்லை. அதுதான் அவள்.

"மோதிரம் இருக்குங்க. லயத்துக்கே ஒண்ணுதான். பக்கத்து வீட்டு மாப்ள விரல்ல மாட்டிக்கிச்சு."

அத்தை மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சங்கிலி கதய நீ அண்ணிகிட்ட சொல்லலியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க லயத்துக்கும் ஒரே சங்கிலிதான் தாயி," என்றார் அத்தை அண்ணியிடம். "இன்னைக்கு இன்னொருத்தி கழுத்துல கெடக்கு. நீங்க கேட்டா என்ன சொல்றதுன்னு பஸ்ஸு முழுக்க யோசிச்சிட்டு வந்தேன்."

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. அத்தை சிரித்துக்கொண்டே தையல் நூல் கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டுக்குப் போய், மாரியப்பன் விரலில் நெருக்கமாகச் சுற்றி, நூலைப் பிரிக்கப் பிரிக்க மோதிரத்தை நகர்த்திக் கழற்றிவிட்டார். தன் கையாலேயே அதை என் வீட்டுக்காரருக்குப் போட்டார். "பாக்கறவங்க நல்லா பாக்கட்டும்!" என்று வாசலில் நிறுத்தியும் வைத்தார். பயந்து பயந்து நான் காத்திருந்த மனுஷி அவர்.

சாயங்காலம் புறப்படும்போது என் வீட்டுக்காரர் தானாகவே கழற்றி அண்ணி கையில் வைத்தார். "பொங்கல் வரைக்கும் எதுக்குக்கா? நீங்களே வச்சிருங்க" என்றார். அவர்மேல் எனக்கு ஆசை வந்தது அன்றுதான். கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து.

ஜப்பான்காரன் காலத்தில், பன்னிரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டு, அண்ணி அந்த மோதிரத்தை அரிசிக்கு மாற்றினாள். லயம் முழுக்க அன்று மரவள்ளிக்குப் பதில் சோறு. இப்போது அண்ணியும் இல்லை, அத்தையும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. லயம் இருந்த இடத்தில் எண்ணெய்ப்பனை நிற்கிறது.

மகளிடம் தையல் நூல் கேட்டேன். சுற்றினேன், கழன்று வந்தது. அவள் அதைத் துடைத்து ரோஸ் தாளில் மடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

"பத்திரம், தம்பி. யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க. இது உங்களுக்கு மட்டுந்தான்."

அவருக்கு மட்டும். பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.