சோதனைப் பிரிவு

குன்னூர்ப் பக்கம் ஒரு வெடிமருந்து ஃபேக்டரியில், சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. ஒரே தடவையில் தயாரான மருந்து ஒரு லாட். அதிலிருந்து கொஞ்சம் சாம்பிள் எடுத்து எரித்துப் பார்ப்போம். ஒழுங்காக எரிந்தால் மொத்த லாட்டும் பாஸ். எரிந்துபோன சாம்பிளுக்கு மட்டும் அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

போன மார்கழியில் என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. கோயம்புத்தூரில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வரக் காத்திருந்த அந்த ஒரு வாரமும், விசாரிக்க வந்த அத்தனை பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "கடவுள் சோதிக்கறாருங்க." என் வேலையைக் கடவுள் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

ரிசல்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், குவார்ட்டர்ஸ் கோயிலில் புராணச் சொற்பொழிவு. மனைவி கூப்பிட்டதால் போனேன். குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக முப்பது பேர். சொற்பொழிவாளர் மலைக்குக் கீழேயிருந்து வந்தவர். பாவம், நிமிஷத்துக்கு ஒருதரம் வெந்நீர் கேட்டார். ஈசன் துறவி வேஷத்தில் வந்து பக்தரிடம் பிள்ளைக்கறி கேட்ட கதை. தாய் காலைப் பிடித்துக்கொள்ள, தகப்பன் பிள்ளையை அரிந்து, கறி சமைத்து, இலை போட்ட பிறகு பிள்ளை உயிரோடு ஓடிவந்தான். "எல்லாம் இறைவனோட சோதனை!" என்று அவர் முடித்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாமி, ஒரு சந்தேகமுங்க. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாமத்தான் நாங்க டெஸ்ட் பண்றோம். எல்லாம் தெரிஞ்ச கடவுளுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?"

"பக்தரோட பெருமையை உலகத்துக்குக் காட்டறதுக்கு" என்றார் அவர்.

"அதுக்குப் பையன் கறியாகணுமுங்களா? எங்க இன்ஸ்பெக்டர்கூட சாம்பிளைச் சாப்பிட உட்காரமாட்டாருங்க."

கோயிலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அவசரமாக மங்களம் பாடினார். ஜெயித்த தெனாவட்டில் நான் வெளியே வந்தேன்.

படி இறங்கியதும் மனைவி கேட்டாள்.

"அப்ப இந்தக் கட்டியை எனக்கு யாருங்க குடுத்தது?"

"யாரும் குடுக்கல. தானா வந்தது."

"யாருமே இல்லீங்களா?"

"யாருமே இல்ல."

நின்றுவிட்டாள். "நீங்க நல்லாத்தான் பேசினீங்க. நாளைக்கு ரிசல்ட்டு மோசமா வந்தா நான் யாரைங்க திட்டறது? கடவுள்னு ஒருத்தரு இருந்தாலாவது, ஏண்டா எனக்கு இப்படிப் பண்ணினேன்னு கேக்கலாம். ஆளே இல்லைன்னுட்டீங்களே."

எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரமாகவே பயம்தான். அதை மறைக்கத்தான் அத்தனை வாயும்.

"என்னையத் திட்டு" என்றேன்.

"உங்களைத் திட்டித் திட்டிச் சலிச்சுப் போச்சுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரை எனக்கு விட்டு வைங்க."